சிலம்பக் கம்பு: மூங்கிலா, பிரம்பா, பைபரா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சிலம்பம் பழக வேண்டிய கருவி ஒன்றே ஒன்றுதான், ஒரு கம்பு. அதனால்தானோ என்னவோ, அதை வாங்கும்போது யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஓடுவதற்குச் செருப்புக் கடையில் ஒரு மணி நேரம் செலவழித்து ஷூ தேர்ந்தெடுப்பவர்கூட, கம்பை இணையத்தில் முதல் வரிசையில் வருவதைப் பார்த்து வாங்கிவிடுகிறார். இரண்டாவது வாரம் மணிக்கட்டு வலிக்கிறது, மூன்றாவது வாரம் முழங்கை. பிறகு கம்பு கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது. பழி சிலம்பத்தின் மேல் விழுகிறது. பல நேரங்களில் தப்பு கம்பில்தான்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளை வகுப்பில் விட வரும் அம்மா அப்பாக்களும், கூடவே நாமும் சுற்றினால் உடம்புக்கு நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். நல்ல எண்ணம். அவர்களுக்காகத்தான் இந்த மதிப்பீடு. கடைகளிலும் இணையத்திலும் இன்று கிடைக்கும் கம்பு வகைகளை, போட்டிக்கோ மேடைக்கோ இல்லாமல், தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சிக்குச் சுற்றுபவரின் கண்ணோடு பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தனியாகச் சுற்றுபவருக்கு வார்னிஷ் அடிக்காத, முற்றிய, உள்ளே கெட்டியான மூங்கில் கம்பு. இருவராக நின்று அடித்துத் தடுத்துப் பழகுபவர்களுக்குப் பிரம்பு. மற்ற எல்லாம் ஏதாவது ஒரு குறிப்பிட்ட தேவைக்கு மட்டும்.

முதலில் நீளம். தரையில் கம்பை நிறுத்தினால் அது உங்கள் நெற்றிக்கு வர வேண்டும் என்பதுதான் பரவலான கணக்கு. சில ஆசான்கள் புருவம் வரை போதும் என்பார்கள், சிலர் தலை உச்சி வரை கேட்பார்கள். உங்களுக்கு ஆசான் இருந்தால் அவர் சொல்வதுதான் அளவு. இல்லாவிட்டால் புருவத்தில் தொடங்குங்கள். ஐந்தரை அடி உயரம் உள்ளவருக்கு ஐந்தடி ஒன்று அல்லது இரண்டு அங்குலம் வரும். இணையக் கடைகளில் 5 அடி, 5½ அடி என்று முழு அளவாகத்தான் விற்கிறார்கள். ‘கொஞ்சம் நீளமாக இருந்தால் என்ன’ என்று பெரியதை எடுத்துவிடாதீர்கள். ஒரே தடிமனில் கம்பின் நீளம் 10 சதவீதம் கூடினால் எடையும் 10 சதவீதம்தான் கூடும். ஆனால் நடுவில் பிடித்து அதைச் சுழற்றவும், சுழல்வதை நிறுத்தித் திருப்பவும் கை கொடுக்க வேண்டிய விசை 33 சதவீதம் கூடிவிடும். எடை நுனியை நோக்கி நகர நகர மணிக்கட்டின் வேலை அப்படிப் பெருகுகிறது. தராசில் தெரியாத இந்த வித்தியாசம் முழங்கையில் தெரியும். நீளமாக வாங்கியதை அறுத்துக் குறைக்கலாமே என்றால், மூங்கிலில் அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைக் கீழே சொல்கிறோம்.

தடிமனுக்கு ஒரு எளிய சோதனை போதும். கம்பைச் சாதாரணமாகப் பிடித்தால் கட்டைவிரல் நடுவிரலின் நகத்தை மூட வேண்டும். பெரும்பாலான ஆண் கைகளுக்கு 2.2 முதல் 2.5 செ.மீ. விட்டம், பெண்களுக்கும் பதின்வயதினருக்கும் 2 செ.மீ. ஒட்டி. விரல் நுனிகள் தொட்டுக்கொள்ளாத அளவுக்குத் தடிமனாக இருந்தால் நாள் முழுக்க இறுக்கியே பிடிக்க வேண்டியிருக்கும். முன்கை தசை ஓய்வில்லாமல் இறுகிக் கிடப்பதுதான் முழங்கை வலிக்கு வழி.

மூங்கில் என்று பொதுவாகச் சொன்னாலும், ஏணிக்கும் பந்தலுக்கும் போகும் பொந்து மூங்கில் சிலம்பத்துக்கு ஆகாது. சுவர் மெல்லியது. ஓர் அடியில் நீளவாக்கில் பிளந்துவிடும். கல்மூங்கில், சிறுவாரை என்ற பெயர்களில் கிடைப்பவையே சரியான சரக்கு. நடுவில் பொந்தே இல்லாமலோ, ஊசி நுழையும் அளவுக்கு மட்டும் துளையோடோ இருக்கும். ஐந்தேகால் அடி நீளமும் 2.3 செ.மீ. தடிமனும் உள்ள கெட்டிக் கம்பு, நன்றாகக் காய்ந்த நிலையில் 450 கிராமை ஒட்டி நிற்கும். அதே அளவுக் கம்பு 600 கிராமைத் தாண்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். 300 கிராம்தான் என்றால் பொந்து பெரிது.

கூடை, முறம், ஏணி விற்கும் மூங்கில் கடைக்கு நேரில் போக முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. பத்துக் கம்பைப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுக்கலாம். எப்படிப் பார்ப்பது? கம்பின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல மறு முனை வரை பாருங்கள். ஒரே பக்கமாக மெதுவாக வளைந்திருந்தால் நிமிர்த்திவிடலாம். பாம்புபோல இரு பக்கமும் நெளிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து, முனையைச் சிமெண்ட் தரையில் செங்குத்தாக ஒரு சாண் உயரத்தில் இருந்து விடுங்கள். ‘டங்’ என்று கணீரென ஒலித்தால் உள்ளே விரிசல் இல்லை. ‘பொத்’ என்று அமுங்கினால் விரிசலோ ஈரமோ இருக்கிறது. கணுக்கள் நெருக்கமாக இருப்பதைத் தேடுங்கள். மேல்தோல் சுருங்கியிருந்தால் இளம் மூங்கிலை வெட்டிக் காய வைத்திருக்கிறார்கள், அது உழைக்காது. கடைசியாக, கம்பைக் கிடையாகப் பிடித்து வெள்ளைத் தாளின் மேல் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மாவு கொட்டினால் உளுத்துவிட்டது. குண்டூசித் தலை அளவு துளைகளையும் உற்றுப் பாருங்கள். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னும் வண்டின் வேலை அது. வெளியே வழவழப்பாகவே இருக்கும், ஒரு நாள் நடுச் சுற்றில் முறியும். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு நிழலில் காய வைக்கும் பழைய வழக்கம், இந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான். ஊறப்போட்ட சரக்கா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் என்றால் உடனே சொல்வார்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வரும் ‘ரெடிமேட்’ மூங்கில் கம்புகளில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, வார்னிஷ். படத்தில் பளபளப்பாக இருக்கும். சிலம்பத்தில் கம்பு உள்ளங்கைக்குள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், பிடி நடுவில் இருந்து அடிமுனைக்கும், அடிமுனையில் இருந்து நடுவுக்கும் வழுக்கி வர வேண்டும். காய்ந்த கையில் வார்னிஷ் ஒட்டிக்கொள்ளும், வியர்த்த கையில் சோப்புபோல நழுவும். இரண்டு நிலையிலும் கம்பு நம் சொல் கேட்காது. வார்னிஷுக்கு அடியில் மயிரிழை விரிசலும் உளுத்த துளையும் மறைந்துவிடுகின்றன என்பது அதைவிடப் பெரிய குறை. இரண்டு, மேல்தோலை முழுக்கச் சீவி, கம்பை ஒரே சீரான உருளையாக்கிவிடுவது. மூங்கிலின் வலு மிகுந்த நார் அதன் மேல்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது. அதைச் சீவி எடுத்தால் மிஞ்சுவது பலவீனமான உட்பகுதி. கணுவின் மேடு தெரியாத, நிறம் ஒரே மாதிரி வெளிறிய கம்பு என்றால் சீவியது என்று புரிந்துகொள்ளலாம். மூன்று, நடுவில் சுற்றிய ரப்பர் டேப். மட்டைக்குப் போடும் கிரிப் இங்கே வேண்டாம். கை நகர முடியாமல் அங்கேயே பூட்டிக்கொள்ளும், தோல் உரியும். ஒருவேளை இப்படி ஒரு கம்பு ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். டேப்பைப் பிய்த்துவிட்டு, 120 எண் உப்புத்தாளால் வார்னிஷை நீளவாக்கில் தேய்த்து எடுத்தாலே பாதிக் கம்பு மீண்டுவிடும்.

நல்ல கம்பு கிடைத்த பிறகும் ஒரு மாலை நேர வேலை இருக்கிறது. அறுப்பதானால் கணுவை ஒட்டி அறுக்க வேண்டும். முனையில் இருந்து இரண்டு விரல் தூரத்துக்குள் ஒரு கணு வர வேண்டும், அதுதான் பிளவு உள்ளே ஓடாமல் தடுக்கும். மேலே சொன்ன கட்டுப்பாடு இதுதான். நீளத்தை நீங்கள் மட்டும் முடிவு செய்ய முடியாது, கணுவும் சேர்ந்துதான் முடிவு செய்யும். அறுக்கும் இடத்தில் முதலில் டேப்பை இறுக்கச் சுற்றிவிட்டு நுண்பல் ரம்பத்தால் அறுத்தால் நார் பிய்யாது. முனையின் விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுங்கள். கணுவின் கூரான மேட்டை மட்டும் அரத்தால் தட்டையாக்குங்கள், இரு பக்கத் தோலைத் தொடாதீர்கள். பித்தளை அல்லது இரும்புப் பூண் போடலாமா என்றால், தனிப் பயிற்சிக்குத் தேவையில்லை. நுனியில் எடை ஏறும், சுழற்றும் பாரம் கூடும், பக்கத்தில் நிற்பவர் மேல் பட்டால் காயமும் பெரிதாகும்.

வளைவை நிமிர்த்த அடுப்புத் தீயோ கரி நெருப்போ போதும். வளைந்த இடத்தைத் தீக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உருட்டிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும். தோலில் எண்ணெய்ப் பசைபோல மினுமினுப்பு வரும்போது எடுத்து, முழங்காலில் வைத்தோ இரண்டு செங்கல் இடையே செருகியோ எதிர்ப்பக்கம் மெதுவாக அழுத்தி, ஆறும் வரை அப்படியே பிடிக்க வேண்டும். பாதி சூட்டில் விட்டால் பழைய வளைவுக்கே திரும்பும். பச்சை மூங்கிலையோ பொந்து உள்ள மூங்கிலையோ இப்படிச் சூடாக்காதீர்கள். உள்ளே அடைபட்ட நீராவி கணுவிடையை வெடிக்கச் செய்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு பக்குவம். வேப்பெண்ணெய் பூச்சியை அண்டவிடாது. வாசனையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் இரண்டும் முழுதாகக் காயாதவை, அதிகம் தடவினால் தூசி ஒட்டிக் கம்பு பிசுபிசுக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, அரை மணி கழித்து வேறு துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். மாதம் ஒரு முறை போதும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகிக் காயும், பிடிக்கு மிக நன்றாக இருக்கும். ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது அது. விரித்துக் காய வைத்து அல்லது தண்ணீரில் நனைத்துத்தான் போட வேண்டும்.

பிரம்புக்கு வருவோம். பிரம்பு உள்ளே முழுக்க நார், பொந்து கிடையாது. அதன் பெரிய குணம், அது பிளப்பதில்லை. மூங்கில் முறியும்போது ஈட்டிபோல் கூரான சிராய் நீட்டிக்கொண்டு நிற்கும். பிரம்பு துடைப்பம்போல நைந்துதான் போகும். எதிரே ஒருவர் நின்று அடி தடுத்துப் பழகும்போது இந்த ஒரு வேறுபாடு கண்ணையே காக்கும். அதனால்தான் இணையாகப் பழகுபவர்களுக்குப் பிரம்பைச் சொல்கிறோம். தனியாகச் சுற்றுபவருக்கு அதன் வளைவு ஒரு தொல்லை. வேகமாகத் திருப்பினால் நுனி கொஞ்சம் பின்தங்கி வந்து, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் முழங்கையிலோ கெண்டைக்காலிலோ தட்டும். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே வாரத்தில் வில்லாக வளையும். கிடையாக வைக்கவோ, நுனியில் கயிறு கட்டித் தொங்கவிடவோ வேண்டும். மேல்தோலோடு உள்ள பிரம்பையே கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் குழாய்க் கம்பு எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதத்துக்குச் சரி. பட்டாலும் அதிகம் வலிக்காது. பெரியவர்களுக்கு வேண்டாம். எடை இல்லாததால் கம்பு தானாகச் சுழலாது, கை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் பிறகு விடுபடக் கஷ்டம். வெயிலில் கிடந்தால் நொறுங்கும். கண்ணாடி நார் சேர்ந்த பைபர் கம்பு உழைக்கும்தான். ஆனால் மேல்பூச்சு தேய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத நார் உள்ளங்கையில் ஏறும், அரிப்பு இரண்டு நாள் போகாது. விளக்கு எரியும் கம்பு மேடைக்கானது. மரையாணி போட்டு இரண்டாகப் பிரிக்கும் மடக்குக் கம்பு, பஸ்ஸிலும் லிஃப்டிலும் கொண்டுபோக வசதி. ஆனால் சுழற்சியில் மரை தளரும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இறுக்கிப் பார்க்காவிட்டால் ஒரு பாதி பறந்துவிடும். நடு இணைப்பு சரியாகக் கை வரும் இடத்திலேயே இருப்பதால் உலோக விளிம்பு தோலை அறுப்பதும் உண்டு. எதையும் அடிக்கவோ தடுக்கவோ இதைப் பயன்படுத்தவே கூடாது.

சரி, இந்தக் கம்பு உடம்புக்கு என்ன செய்கிறது? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி சிலம்பம் முதல் கணக்கை நிறைவு செய்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை, கால் நகர வேண்டும். நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் சுற்றினால் மூச்சு வாங்காது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு ஏறினால் சரியான வேகம். இரண்டாவது கணக்கைக் கம்பு தராது. அரைக் கிலோ கூட இல்லாத கருவியால் தொடைக்கும் முதுகுக்கும் வலு சேர்ந்துவிடாது. அதற்குத்தான் பழைய சிலம்பக் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் கூடவே இருந்தன. கம்பை மட்டும் விற்றுவிட்டு ‘முழு உடலுக்கும் பயிற்சி’ என்று எழுதும் விளம்பரம் பாதி உண்மைதான்.

புதிதாக வாங்கிய கம்பைச் சோதிக்க ஒரு அரை மணி முறை. ஐந்து நிமிடம் மணிக்கட்டு, தோள், கணுக்கால் மூன்றையும் சுழற்றிச் சூடேற்றுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் கம்பில்லாமல் காலடி மட்டும், முன்னே பின்னே, பிறகு நான்கு மூலைக்கும். பிறகு கம்பை ஒற்றை விரல் மேல் கிடத்திச் சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மூங்கிலில் அது அளவுநாடா காட்டும் நடுவில் இருக்காது. அடிப்பக்கம் தடித்தது என்பதால் இரண்டு மூன்று விரற்கடை அடியை நோக்கித் தள்ளி இருக்கும். அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், பிடி அங்கேதான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளையம்போலப் பிடிக்க, மற்ற மூன்று விரலும் திறந்து மூடி வழிவிட வேண்டும். உடம்பின் இரு பக்கமும் மாறி மாறி எட்டு வடிவில் சுற்றுவது வலக்கையில் ஒரு நிமிடம், இடக்கையில் ஒரு நிமிடம், அரை நிமிட ஓய்வு. இப்படி ஆறு முறை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காலடி சேர்த்து. கடைசி ஐந்து நிமிடம் பத்துத் தண்டாலும் இருபது பஸ்கியும். ஆறாவது முறையின் முடிவில் முன்கை எரிந்து, மூச்சு சாதாரணமாக இருந்தால் கம்பு உங்களுக்குக் கனம், அல்லது இறுக்கிப் பிடிக்கிறீர்கள். மூச்சு ஏறி, கை லேசாக இருந்தால் அளவு சரி.

இடக்கை நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வலக்கை மட்டும் சுற்றினால் மாதக் கணக்கில் ஒரு தோள் மட்டும் இறுகி, கழுத்துப் பிடிப்பு வரும். கண் கம்பைப் பார்ப்பதும் அதேபோல ஒரு கெட்ட பழக்கம், கழுத்து குனிந்து தோள் காதை நோக்கி ஏறிவிடும். எதிர்ச் சுவரில் கண் உயரத்தில் ஒரு புள்ளியை வைத்துப் பாருங்கள்.

இடம் பற்றி இரண்டு வார்த்தை. நொடிக்கு இரண்டு சுற்று வந்தால் ஐந்தரை அடிக் கம்பின் நுனி மணிக்கு ஏறத்தாழ 38 கி.மீ. வேகத்தில் போகிறது. சுற்றிலும் 12 அடிக்கு 12 அடி வெற்றிடம் இல்லாமல் தொடங்காதீர்கள். வீட்டுக் கூடம் வேண்டாம், மின்விசிறி இருக்கிறது. மொட்டை மாடி என்றால் மேலே போகும் மின்கம்பியைப் பாருங்கள், ஈர மூங்கில் மின்சாரம் கடத்தும். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் குதித்துக் காலடி போட்டால் குதிகால் வலி நிச்சயம். மண் தரை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் மெல்லிய அடியுள்ள கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் ஒரு பழைய பனியன் துணியைக் கம்பின் மேல் முனையில் இருந்து முனை வரை இழுத்துப் பாருங்கள். துணி எங்காவது சிக்கினால் அங்கே சிராய் கிளம்பியிருக்கிறது. மேலோட்டமான சிராய் என்றால் உப்புத்தாள் போதும். விரல் நகம் நுழையும் அளவுக்கு நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தால் பசை, டேப் எதுவும் அதைக் காப்பாற்றாது. நல்ல பகுதியைக் கணுவை ஒட்டி மூன்றடிக்கு அறுத்து வைத்துக்கொண்டால் சிறு கம்புப் பயிற்சிக்கு ஆகும். விரிசல் நடுவில் ஓடிய கம்பு அதற்கும் ஆகாது, அடுப்புக்குத்தான்.